படி மறைத்த சுவர்

நனைந்த சுண்ணக்கட்டியும் காய்ச்சிய பசையும் கலந்தாற்போன்ற ஒரு வாசனை, பக்கத்து வீட்டில் அடித்த புது டிஸ்டெம்பரின் வாசனை, ஒரு காலை வேளையில் சுவருக்கு மேலாக எங்கள் கூடத்தில் வந்து இறங்கியதை நினைத்தால் இத்தனை வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது. பக்கத்து வீடு என்றா சொன்னேன், அது என் பெரியப்பாவின் வீடு. மைசூர் அக்ரஹாரத்தில் தாத்தா கட்டிய ஒரே வீட்டை அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது பெரிய கூடத்தின் நடுவில் ஒரு சுவரை எழுப்பினார்கள். கையிலிருந்த பணம் தீர்ந்துபோகவே, அதைக் கூரைக்கு ஒரு முழம் கீழேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும், இங்கே அம்மா முணுமுணுத்தால் அங்கே பெரியம்மா பதில் சொல்வாள்.

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சற்று முந்தைய தசரா அது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். இடுப்பளவுக்குப் பளபளவென்று எண்ணெய் வர்ணம், அதற்கு மேலே கிளிப்பச்சை, உச்சியில் பூ வெட்டிய தகட்டை வைத்து அடித்த பூக்கரை. நடுவில் என் வயதுக்காரியான வேதா, சுவரையே அவள்தான் பெற்றெடுத்தவள் போல நின்றுகொண்டு, "தொடாதேடி ருக்கு, ஈரம்" என்றாள். தொட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை, நகத்தால் கீற வேண்டும் என்றுதான் இருந்தது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டைப் பிரித்தவர்கள் கொலு பொம்மைகளைப் பிரிக்கவில்லை. ராஜாவும் ராணியுமான மரத்தாலான "பட்டத பொம்பெ" ஜோடியை எப்படிப் பிரிப்பது? ஆகவே ஒரு வருஷம் அவர்கள் கூடத்தில் கொலு, மறு வருஷம் எங்கள் கூடத்தில். அந்த வருஷம் எங்கள் முறை. பெரியம்மா சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள்: "கோமளா, இந்தத் தரமும் இங்கேயே வெச்சுடலாமே. உங்காத்துக் கூடம் பூரா அடுப்புப் புகை. பொம்மை இருக்கறதே தெரியாது."

"எங்க முறை, மன்னி. எங்காத்துலதான்" என்றாள் அம்மா. பிறகு அப்பாவிடம் திரும்பி மெதுவாக, "ஒரு தரம் விட்டேளோ, அப்புறம் பொம்மை இந்தப் பக்கம் வரவே வராது. நமக்கும் வர்ணம் அடிச்சாகணும்" என்றாள். வெறும் சுண்ணாம்பு அடித்தால் புகைக்கறை இரண்டே நாளில் பழுப்பாக மேலே வந்துவிடும். ஆகவே பெரியப்பா வீட்டில் வர்ணம் அடித்த அதே பசவண்ணாவைக் கூப்பிட்டோம். அவர் கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பன்னிரண்டு ரூபாய் கேட்டார். தசராவுக்கென்று அப்பா ஒதுக்கியிருந்ததோ மொத்தம் எட்டு.

வர்ணம் அடிக்கப்போகிற சுவர்தானே என்று அப்பா கீழே உட்கார்ந்து அந்தச் சுவரிலேயே சுண்ணக்கட்டியால் கணக்குப் போட்டார். முதலில் பக்கச் சுவர்கள் இரண்டும் போயின. "கொலு பார்க்க வர்றவா கழுத்தைத் திருப்பிண்டா நிக்கப்போறா?" என்றாள் அம்மா. எதிர்ச்சுவர் மட்டும் என்றாலும் கட்டுப்படியாகவில்லை. சுண்டலில் கை வைக்க முடியாது, தாம்பூலத்தில் கை வைக்க முடியாது. அப்பா என்னைப் பார்க்காமலேயே என் பட்டுப்பாவாடை என்று எழுதியிருந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். வேதாவுக்கு அரக்குப் பாவாடை தைக்கக் கொடுத்தாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அன்று நான் அழுத அழுகை சுவர் தாண்டிப் போயிருக்கும். பாவாடையை அடித்த பிறகும் பணம் கொஞ்சம் இடித்தது.

அப்போதுதான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. கொலுப்படிகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கி வெள்ளைத்துணி போட்டுவிட்டால் பின்னால் இருக்கிற சுவர் யார் கண்ணுக்குத் தெரியும்? படி மறைக்கிற இடத்துக்கு எதற்கு வர்ணம்?

எங்கள் ஊர்க் கொலுப்படி கீழே அகன்று மேலே குறுகி இரண்டு பக்கமும் படிக்கட்டு போல ஏறும். பசவண்ணா படிகளை அடுக்கச் சொல்லி ஓரமாகக் கோடு போட்டுக்கொண்டு, "படி எடுத்தா ஏனு மாடுவது தாயி?" என்று, அப்புறம் என்ன செய்வதென்று கன்னடம் கலந்து கேட்டார். "தீபாவளிக்குள்ள மிச்சத்தை அடிச்சுக்கலாம்" என்றாள் அம்மா. அவர் சிரித்தபடி ரோஜா வர்ணத்தைக் கலக்கினார்.

கொலு அமர்க்களப்பட்டது. வேதாவின் போன வருஷத்துப் பாவாடையைக் கட்டிக்கொண்டு நான்தான் வந்த குழந்தைகளுக்கெல்லாம் "பொம்பெ பாகின" என்று தின்பண்டம் கொடுத்தேன். எல்லோரும் ரோஜாச் சுவரைத்தான் பார்த்தார்கள். பெரியம்மா ஒன்பது நாளும் வந்து, ஒன்பது நாளும் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள். அது அம்மாவுக்கு நெய்ப்பொங்கல் சாப்பிட்டதுபோல் இருந்தது.

விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளைப் பொதுப் பெட்டியில் வைப்பதற்குப் பெரியம்மாவும் வேதாவும் வரத்தான் வேண்டும். வந்தார்கள். துணியை எடுத்தோம், பலகைகளைப் பிரித்தோம். ரோஜாச் சுவரின் நடுவில், கன்னங்கரேலென்று, இன்னொரு கொலுப்படி நின்றது. அதன் வயிற்றில் அப்பாவின் கணக்கு ஓர் எழுத்தும் கலையாமல் இருந்தது. வேதா பள்ளிக்கூடக் குரலில் படித்தாள்: "எதிர்ச்சுவர். சுண்டல். தாம்பூலம். ருக்கு பாவாடை." பெரியம்மா தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா இரக்கமா, இரண்டில் எதுவானாலும் என்னால் தாங்கியிருக்க முடியாது. கட்டியிருந்த பாவாடையை அங்கேயே அவிழ்த்து எறியலாம் போலிருந்தது.

தீபாவளி வந்தது, பணம் வரவில்லை. கறுப்புப்படி அப்படியே நின்றது. அம்மா ஈரத்துணியால் தேய்த்ததில் கணக்குதான் போயிற்று.

ஒரு நாள் வேதா கன்னம் சிவந்து வந்தாள். புதுச்சுவரில் சாய்ந்து தலை எண்ணெய் ஒட்டிவிட்டதாம், பெரியம்மா அறைந்துவிட்டாள். அந்த வீட்டில் பந்து கூடாது, சாயக் கூடாது, விளக்கைச் சுவரோரம் வைக்கக் கூடாது. வேதா எங்கள் கறுப்புப்படியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்து ஒரு படியில் ராஜா வரைந்தாள், நான் ராணி வரைந்தேன். தினமும் வந்தாள். யானை, செட்டியார், குதிரை வண்டி என்று வருஷம் பூராவும் எங்கள் சுவரில் கொலு இருந்தது. "உனக்கென்னடி, கொடுத்து வெச்சவ. சாஞ்சுக்கறே, கிறுக்கறே" என்று அவள் பெருமூச்சு விட்டபோது, அவள் கண்ணில் இருந்தது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, என் கண்ணில் அதுவரை இருந்ததுதான். எந்தப் பட்டுப்பாவாடையும் எனக்கு அந்த சுகத்தைக் கொடுத்ததில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. நடுச்சுவர், ரோஜாச்சுவர், கிளிப்பச்சை எல்லாம் இடிந்து அங்கே பாத்திரக்கடை நிற்கிறது. பொம்மைப்பெட்டி யாரிடம் போயிற்றென்று தெரியவில்லை. போன மாதம் என் பிள்ளை கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டு வீடு முழுக்க, அலமாரிக்குப் பின்னால்கூட விடாமல், வர்ணம் அடித்தான். எவ்வளவு ஆயிற்றென்று கேட்டதற்கு, "உனக்கெதுக்கும்மா அதெல்லாம்" என்றான். வழவழவென்று இருக்கிறது, கறை பட்டால் துடைத்துவிடலாமாம். நான் சாய்ந்துகூடப் பார்த்தேன். வேதா போய் இரண்டு வருஷமாகிறது. இதைப் பார்த்து வயிறெரிய இனி எனக்கு யார் இருக்கிறார்கள்?