கழுவிக் கொடுத்த ஷூ

மட்டாஞ்சேரியில் தெரு பெருக்கும் கார்ப்பரேஷன் தொழிலாளி அவர். குட்டையான உருவம், வெற்றிலைக் கறை படிந்த பல், பலகை போல அகன்ற பாதம். சாயா குடித்த கிளாஸைக்கூடக் கழுவித்தான் கடைக்காரரிடம் கொடுப்பார்.

தொண்ணூறுகளில், இடக்கொச்சியில் இருந்த எங்கள் விளையாட்டு உடுப்புக் கம்பெனி மழையில் வழுக்காத ஷூ ஒன்றைச் செய்தது. சோதனைக்கு முதல் ஜோடியை அவருக்குத்தான் கொடுத்தோம். மழைக்காலம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு பெருக்கினார்.

திருப்பிக் கொடுக்க வந்தபோது ஷூவைச் சோப்புப் போட்டுக் கழுவி, கிழிசலையும் தைத்திருந்தார். எங்கே கிழிகிறது என்று பார்க்கத்தானே கொடுத்தோம் என்று மேனேஜர் கத்தினார்.

"ஒருத்தர் சாமானை அழுக்கோட எப்படி சாரே திருப்பிக் கொடுக்கறது? ஒரு தடவைகூட வழுக்கலை, அது போதாதா?"

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஷூ கடைக்குப் போனது. கம்பெனி அதில்தான் நிமிர்ந்தது.

பல வருடம் கழித்து, எர்ணாகுளத்தில் கம்பெனியின் சாதனைகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். அவரை யாரும் அழைக்கவில்லை. நான்தான் கூட்டிப்போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே ஜோடி இருந்தது. விளம்பரப் பிரிவுப் புத்திசாலி ஒருவன் அதன்மேல் புதிதாகச் சேறு பூசி, 'மழையில் ஓடிய வீரரின் ஷூ' என்று எழுதி வைத்திருந்தான்.

எழுதப் படிக்கத் தெரியாத அவர் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் கழுவித்தானே சாரே கொடுத்தேன். பாக்கறவங்க என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

அவரைப் பற்றி நினைக்க அங்கே ஒரு எழுத்துகூட இல்லை.