ஆம்பளைக் கை

மலேசியாவில் ரந்தாவ் ஊர்க் கடைவரிசையின் மேல்மாடியில், நான் எடை தூக்கப் போகும் ஜிம்மில்தான் அந்த அக்காவைச் சந்தித்தேன். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு. குளியலறையில் வழுக்கி விழுந்து முறிந்த மணிக்கட்டு கூடியதும், எலும்பு தேய்ந்திருக்கிறது, எடை தூக்கிப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

டம்பெல்லைக் கீழே வைத்ததும் கண்ணாடி முன் நின்று மேற்கையைத் தடவிப் பார்ப்பார்.

"தடிச்சிருக்கா பாரும்மா?"

"பொம்பளைக்கு அவ்ளோ சுலபமா தடிக்காதுக்கா. பலம்தான் வரும்."

"அதை எங்க வீட்டுக்காரருக்கு யாரு சொல்றது?"

சில மாதங்களில் கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறினார். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. பிறகு திடீரென்று வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பசார் சந்தையில் பார்த்தேன். கணவர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து வந்தார்.

"ஏன்க்கா நிறுத்திட்டீங்க?"

"ஆம்பள மாதிரி ஆயிடுவேனாம். அவருக்குப் புடிக்கலலா." குரலைத் தாழ்த்தினார். "எஸ்டேட்ல அத்தன வருசம் உர மூட்டை தூக்குனேன். அப்ப யாரும் அப்படிச் சொல்லலயே."

கணவர் ஹாரன் அடித்தார். அக்கா ஓடினார்.

போன மாதம் மறுபடி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம். படுக்கையிலிருந்து அவரைத் தூக்கி உட்காரவைக்க, நல்ல பலமுள்ள பெண்ணாக ஒருத்தியைக் கணவர் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறார். என்னிடமும் கேட்டார்.