கேமராவுக்கு நான் சொன்ன ஆட்சேபணைகள்

எங்கள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நான் மூத்த ஆண் நர்ஸ். திருச்சுழி ரோட்டில் பைக்கோடு விழுந்தவர்கள், பருத்திக்கு மருந்தடித்து மயங்கியவர்கள், கருவேலங்காட்டில் பாம்பிடம் கடி வாங்கியவர்கள் என்று யார் வந்தாலும் முதலில் பார்க்கிற முகம் என்னுடையது. பாவம், வந்த கஷ்டம் போதாதென்று.

அவசரப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்த டாக்டர் மேடம் ஒருநாள் எங்களை உட்கார வைத்து ஒரு யோசனை சொன்னார். முதல் கட்டிலுக்கு மேலே ஒரு கேமரா. உயிருக்குப் போராடி வருகிறவரை நாங்கள் கவனிக்கிற முதல் பத்து நிமிஷம் அதில் பதிவாகும். வாரம் ஒருமுறை எல்லாரும் சேர்ந்து அதைப் பார்க்க வேண்டும், எங்கே தாமதம், எங்கே குழப்பம் என்று பேச வேண்டும், பிறகு அழித்துவிட வேண்டும்.

"யாரையும் மாட்டிவிடுறதுக்கு இல்ல. உங்கள்ல ஒருத்தர் வேண்டாம்னாலும் கேமரா வராது" என்றார்.

அந்த ஒருத்தர் நான்தான் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போவதற்குள் என் பிரஷரை நானே ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டாவது தடவை கூடியிருந்தது.

விஷயம் இதுதான். ஒன்றரை வருஷமாக எனக்குக் கிட்டத்து எழுத்து தெரியவில்லை. மருந்துக் குப்பியில் இருக்கிற பொடி எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். கண்ணாடி வாங்கியிருக்கலாம். ஆனால் அண்ணனுக்கு வயசாயிருச்சு என்று கேலி பண்ணுவார்கள். கேலி பண்ணுகிற உரிமையை அங்கே நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதனால் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். பக்கத்தில் நிற்கிற சின்ன சிஸ்டரிடம் குப்பியை நீட்டி, "எங்க, இது என்ன மருந்துன்னு சொல்லு பாப்போம்" என்பேன், பரீட்சை வைக்கிற வாத்தியார் தோரணையில். பாலவனத்தத்தில் இருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை அவள். சத்தமாகப் படிப்பாள். "பரவாயில்ல, தேறிருவ" என்று சொல்லிவிட்டு மருந்தை ஊசியில் இழுப்பேன்.

கேமரா வந்தால் இது வாராவாரம் படமாக ஓடும். ஆகவே அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். நோயாளியின் மானம் பற்றி அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்கு எங்கள் வார்டு தொகுதியாக இருந்தால் ஜெயித்திருப்பேன். "பொம்பளையாளுக துணி விலகிக் கிடப்பாக, அதையா படம் எடுக்கிறது? நினைவில்லாதவுககிட்ட எப்படி சம்மதம் வாங்குவீக? போலீஸ் கேஸாகி வீடியோவக் கேட்டா?"

மேடம் மறுத்துப் பேசவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் பதிலோடு வந்தார். வந்தவரைப் போர்த்துவதுதான் முதல் வேலை. நினைவு திரும்பியதும் அவரிடமோ வீட்டாரிடமோ கேட்பது, வேண்டாம் என்றால் அன்றைக்கே அழிப்பது. போலீஸ் கேள்விக்கு வக்கீலிடம் எழுத்தில் பதில் வாங்காமல் ஆரம்பிப்பதில்லை. திட்டத்தைக் கவிழ்க்க நான் தூக்கிப்போட்ட கல்லையெல்லாம் எடுத்து அஸ்திவாரத்தில் வைத்துக்கொண்டார்.

சின்ன சிஸ்டர் வேறு சேர்ந்துகொண்டாள். "வீரசோழன் ஊர்ப் பெரியவர் இங்க படுத்திருந்தப்ப அவுக மகன் துபாய்ல இருந்து வீடியோ கால்ல நம்மளப் பாத்துக்கிட்டேதாண்ணே இருந்தாரு. அன்னைக்கு நீங்க தலை சீவிட்டு வந்தீக."

எங்களிடம் சம்மதத் தாளில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் ஓர் ஒத்திகை வைத்தார்கள். நோயாளி ஒரு தலையணை. பரளச்சிப் பக்கம் பூச்சிமருந்து அடித்து மயங்கியவர் என்று கதை. குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற கம்பியில் மேடத்தின் போனைக் கட்டினார்கள். நான் தலையணையிடம் "வீட்ல சொல்லிட்டு வந்தீகளாண்ணே?" என்று விசாரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அதையே லேப்டாப்பில் பார்த்தபோதும் அந்த இடத்தில் சிரித்தார்கள். அப்புறம் மேடம் கேட்ட மருந்தை நான் எடுக்கிற இடம் வந்தது. குப்பியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். கை நீள்கிற தூரத்துக்குத் தள்ளுகிறேன். டியூப்லைட் பக்கம் திருப்புகிறேன். அந்த மூஞ்சியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பயந்த ஒருத்தனுடைய மூஞ்சி. அப்புறம் சிஸ்டரிடம் நீட்டுகிறேன்.

மேடம் அங்கே நிறுத்தினார். "இந்த இடத்துல குப்பி ஏன் கை மாறுது?" யார் என்று கேட்கவில்லை. ஏன் என்றுதான் கேட்டார்.

எனக்கு முன்னால் சிஸ்டர் முந்திக்கொண்டாள், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து. "அண்ணன் எனக்குப் பரீட்சை வைப்பாரு மேடம். முதல்ல எல்லாம் ரொம்பப் பயம். தப்பாச் சொன்னா உங்ககிட்ட சொல்லிருவாருன்னு பஸ்ஸுல மருந்துப் பேரா மனப்பாடம் பண்ணிக்கிட்டே வருவேன்."

நாக்கு நுனியில் ஒரு ஜோக் இருந்தது. அது வெளியே வரவில்லை. "பரீட்சையெல்லாம் இல்ல தாயி. எனக்கு எழுத்து தெரியல" என்றேன்.

கேலி வரும் என்று காத்திருந்தேன். அவள்தான் மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் லீவு போட்ட அன்னைக்கெல்லாம்?"

"ட்ரேயில இருக்கிற இடத்த வச்சு எடுப்பேன்."

ட்ரேயை அன்றன்றைக்கு யார் டூட்டியோ அவர்கள் அவரவர் வசதிப்படி அடுக்குவார்கள். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

மேடம் திட்டத்தில் ஒரு வரி சேர்த்தார். எந்த மருந்தையும் ஏற்றுவதற்கு முன் ரெண்டு பேர் குப்பியைச் சத்தமாகப் படிக்க வேண்டும், கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும். கண்ணாடி வாங்கிவிட்டு டூட்டிக்கு வரச் சொன்னார். வாங்கினேன்.

அவள் லீவு எடுத்த நாட்களின் கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்க்கலாமா என்று நான்தான் மேடத்திடம் கேட்டேன். ரெண்டு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தோம். தப்பு என்று சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. மருந்தின் பேர், நேரம், என் கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தன. டாக்டர் சொன்ன பேரைத்தான் எழுதியிருக்கிறேன். ஊசியில் ஏறியதும் அதுதானா என்பதைத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அன்றைக்கு அதை ஏற்றிய எனக்கும் தெரியாது.

கடைசி ஷீட்டைக் கட்டி வைத்துவிட்டு, கேமராவுக்கான சம்மதத் தாள் எங்கே என்று கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.