வாசனை இல்லை

மகள் பள்ளி ஆய்வகத்திலிருந்து வந்ததும் வெள்ளைக் கோட்டைக் கழற்றி என் கையில் திணித்தாள். "அழுகின முட்டை நாத்தம்மா. ஊறப் போட்டுடு." முகர்ந்தேன். எனக்கு நாறவில்லை.

அன்றும் நாறவில்லை. ஆம்பூரில் என் ப்ளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு. எனக்குக் கொடுத்த உப்பில் அமிலம் ஊற்றியதும் பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் 'வாசனை இல்லை' என்று எழுதினேன்.

"இன்னா மூக்கும்மா உனக்கு? ரூமே நாறுது, சல்ஃபைடுன்னு தெரியலையா?" என்றார் தேர்வாளர்.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டுகிறவர். அங்கே கலப்பதும் சல்ஃபைடுதான். தினமும் அந்த உடம்போடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அன்று நடந்ததைச் சொன்னதும் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டார்.

"என்னாலதான் மார்க் கம்மியாய்டுச்சு. இனிமே தள்ளியே உக்கார்றேன்."

"எனக்கு நாறலப்பா."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

கடைசிவரை அவர் என் பக்கத்தில் உட்காரவே இல்லை.

வாளி நிரம்பி வழிகிறது. கோட்டை முக்காமல் மறுபடி முகர்கிறேன். அப்பாவின் வாசனை இதில் இருக்கிறது. எனக்கு மட்டும் வரவில்லை.