கிளச் இல்லாத வானும் விஜிதரனின் இடது காலும்

விஜிதரனுக்கு முப்பத்தொன்பது வயது. அதில் இருபத்து மூன்று வருஷம் அவனுடைய இடது கால் கிளச்சின் மேலேயே கழிந்தது. முதலில் வெல்லாவெளி வயல் வட்டையில் நெல்மூட்டை இழுத்த டிரக்டர், பிறகு மணல் ஏற்றிய லொறி, கடைசிப் பதினான்கு வருஷமும் நான்கு மாதமும் காத்தான்குடி பதியுதீன் ஹாஜியாரின் வான். செட்டிபாளையத்தில் அவன் வீட்டைக் கேட்டால் யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். "வான் விஜியா? அந்த நீல கேற்" என்று கையைக் காட்டுவார்கள். அத்தனை வருஷத்தில் ஒரு கீறல் இல்லை, ஒரு பொலிஸ் வழக்கு இல்லை.

அந்தப் பழைய வானை விற்றுவிட்டு ஹாஜியார் வெள்ளை வான் ஒன்றை எடுத்து முற்றத்தில் நிறுத்தியிருந்தார். விஜிதரன் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து புதுப் பிளாஸ்டிக் மணம் வந்தது. ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டேரிங்கைத் தடவினான். பிறகு கீழே குனிந்தான். குனிந்தபடியே இருந்தான்.

"என்ன விஜி, எதையும் கீழ உழுத்திட்டியா?" என்றார் ஹாஜியார்.

"கிளச்சக் காணல்ல ஹாஜியார்."

"அது வராது. இது ஒட்டோ. D-ல போட்டு மிதிச்சாச் செரி, அதுவா கியர் மாத்திக்கும்."

மதில் ஓரத்தில் நின்ற றிஸான் சிரித்துவிட்டான். அவன் ஹாஜியாரின் தங்கை மகன். கட்டாரில் ஆறு வருஷம் ஒட்டோ கார்தான் ஓட்டியவன், இரண்டு மாதத்துக்கு முன்தான் ஊர் திரும்பியிருந்தான்.

"விஜி அண்ணன், உங்கட இடது காலுக்கு இனி லீவு. வேணுமெண்டா ஊட்டுலயே வெச்சிட்டு வாங்க."

ஹாஜியார் சிரிக்கவில்லை. மகள் இர்ஷானாவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகக் கொண்டுபோய் விட வேண்டும். மகியங்கனை வழி, பதினெட்டு வளைவுள்ள மலை றோட்டு.

"ஒம்பது நாள் இரிக்கி விஜி. வானக் கொண்டு போய்ப் பழகு. ஞாயித்துக் கிழம நீ மலையில ஏத்தி இறக்கினா வான் உன்ட பொறுப்பு. ஏலாதெண்டு கண்டா றிஸானுக்கிட்டக் குடுக்கத்தான் வேணும். ஆக்கள ஏத்திற வேல. கோவிக்கக் கூடா."

"கோவமில்ல ஹாஜியார். கொண்டு போறன்" என்றான் விஜிதரன். சொல்லும்போதே அவன் கை மறுபடியும் ஸ்டேரிங்கைத் தடவியது. பயம் மட்டும் இல்லை, ஆசையும் இருந்தது. அப்படி ஒரு வாகனத்தில் அவன் அதுவரை உட்கார்ந்ததே இல்லை.

ஹாஜியார் வீட்டில் துஆ ஓதியாயிற்று. தங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கும் காட்ட வேண்டும் என்று விஜிதரன் கேட்டபோது, "காட்டு, ரெண்டு பக்கமும் பாதுகாப்புத்தானே" என்று அவர் அனுப்பிவைத்தார். ஐயர் நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். அக்கா கம்சாயினி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். பிரேக்கை விட்டால் வான் தானாக மெல்ல ஊரும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கால் எடுத்ததும் அது நகர்ந்தது. திடுக்கிட்ட இடது கால் பழக்கத்தில் கிளச்சை மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வான் தலையைக் குத்தி நின்றது. பழங்கள் பாதி நசுங்கிச் சில்லுக்கடியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"என்ன வான்டாப்பா இது, தேசிக்காய்க்குப் பயந்து நிக்கிது!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். விஜிதரனும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வருவதற்குள் அந்தக் கால் பதினோரு தடவை பிரேக்கில் விழுந்தது. பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரன் கோயிலடியிலிருந்து நீல கேற் வரை ஏசிக்கொண்டே வந்தான்.

கம்சாயினி தையல் தைப்பவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டாலும் அளவு விஷயத்தில் அரை அங்குலம் விடமாட்டாள். தம்பி முற்றத்தில் இறங்கியதும் சட்டை அளவு எழுதும் கொப்பியை எடுத்தாள்.

"டேய், கால் எப்ப எழும்புதெண்டு உனக்குத் தெரியுதா?"

"தெரிஞ்சா நிப்பாட்டிருவனே அக்கா. மிதிச்ச பிறகுதான் தெரியுது."

"அப்ப எழும்பயிக்க தெரிய வேணும்."

அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். திரும்பி வரும்போது அவள் கையில் சதங்கை இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் கோயில் வடமோடிக் கூத்தில் வீமனுக்கு ஆடியபோது விஜிதரன் கட்டியது.

"உனக்கென்ன விசரா? இதக் கட்டிட்டு றோட்டுல போனா ஊர் என்ன சொல்லும்?"

"வேல போனா ஊர் என்ன சொல்லும்? காலக் காட்டு."

மறுநாள் காலையில் கூத்தாட வெளிக்கிட்டவன் போல, இடது காலில் மட்டும் சதங்கையோடு விஜிதரன் வானில் ஏறினான். கம்சாயினி பக்கத்து ஆசனத்தில் கொப்பியோடு உட்கார்ந்தாள். கால் கிளச்சைத் தேடித் தரையை விட்டு எழுந்தால் போதும், ஜல் என்று சத்தம் வரும். அவள் ஒரு கோடு போடுவாள். அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான். களுவாஞ்சிகுடிச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"விஜி, இந்த வருஷம் கூத்து வானுக்குள்ளயா?"

"ஓம், நீங்க வந்து மத்தளம் அடியுங்க!" என்று கம்சாயினி யன்னலால் பதில் கொடுத்தாள்.

முதல் நாள் அறுபத்தொரு கோடு. இரண்டாம் நாள் முப்பத்தெட்டு. மூன்றாம் நாள் பதினான்கு. நான்காம் நாள் வெல்லாவெளி வட்டைக்குள் நீண்டு கிடக்கும் றோட்டில் போகும்போது அறுவடை மெஷின் ஒன்று குறுக்கே ஏறியது. விஜிதரன் வலது காலால் மட்டும் மெத்தென்று நிறுத்தினான். சதங்கை வாய் திறக்கவில்லை. அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்டும் போடல்ல" என்றாள் அவள், வெறும் தாளைக் காட்டி.

"அக்கோ, இது வானில்ல, தெப்பம்!" என்று அவன் கத்தினான். "மிதிக்கிறதும் தெரியல்ல, மாறுறதும் தெரியல்ல, பாரன்!"

ஆனால் அவனுடைய இடது கை சும்மா இருக்கவில்லை. அது கியர்த் தண்டிலேயே கிடந்தது. D என்ற எழுத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சிறு பள்ளம் இருப்பதை அவன் முதல் நாளே கண்டிருந்தான். M என்ற எழுத்து, மேலே கூட்டல், கீழே கழித்தல். றிஸானுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டான்.

"அதத் தொட வேணாம் விஜி அண்ணன். ஆறு வருஷத்துல நான் ஒரு நாள் கூட அதுல போட்டதில்ல. றேஸ் ஓடுற ஆக்களுக்கு உள்ளது."

விஜிதரன் நம்பவில்லை. தண்டைப் பக்கவாட்டில் தள்ளினான். முன்னால் இருந்த சிறு திரையில் 3 என்று விழுந்தது. பின்னுக்கு ஒரு தட்டுத் தட்டினான். 2. வான் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தாற்போல் மெல்ல அடங்கியது. பிரேக் தொடவில்லை. முன்னுக்குத் தட்டினான். 3. பிடி விட்டது.

"அக்கா! கியர் இருக்கு! உள்ளுக்க கியர் இருக்கு!"

"கிளச் இல்லாமலா?"

"கிளச் இல்லாமத்தான்! நான் சொல்லுற கியருக்குப் போகுது. தானா மாறுதில்ல!"

கடலோரத்து எழுவான்கரையில் மலை ஏது? ஏற்றம் என்றால் பாலம்தான். ஆகவே மிச்ச நாளெல்லாம் பட்டிருப்புப் பாலம்தான் அவனுக்குப் பதினெட்டு வளைவு. மூன்றில் ஏறினான், இரண்டில் இறங்கினான், ஒன்றிலும் இறங்கிப் பார்த்தான். ஒன்றில் இறங்கியபோது இயந்திரம் அலறியது. "அது தேவையில்ல" என்று கம்சாயினி எழுதிக்கொண்டாள். பாலத்தடியில் தோணியை நிறுத்தி வலை வீசிக்கொண்டிருந்தவர் பதினைந்தாம் தடவை பொறுக்க முடியாமல் நிமிர்ந்தார்.

"தம்பி, கரை எது எண்டு முடிவு பண்ணல்லயா இன்னும்?"

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை சுபஹ் தொழுகை முடிந்ததும் புறப்பட்டார்கள். வானுக்குள் பன்னிரண்டு பேர், கூரையில் இர்ஷானாவின் பெட்டிகள். சதங்கை வீட்டில் இருந்தது. றிஸான் முன் ஆசனத்தில் விஜிதரனின் கால்களைப் பார்த்தபடியே வந்தான். செங்கலடி, மகா ஓயா, பதியத்தலாவை. இடது கால் அசையவில்லை. ஏற்றத்தில் D என்ன செய்வது என்று தெரியாமல் மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் தடுமாறியபோது விஜிதரன் பக்கத்துப் பள்ளத்தில் தள்ளி இரண்டைப் பிடித்தான். வான் ஒரே மூச்சில் ஏறியது. பேராதனையில் இர்ஷானா உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு விஜிதரனிடம் வந்து, "விஜி அங்கிள், லீவுக்கும் நீங்கதான் வந்து கூட்டிட்டுப் போகணும்" என்றாள். அவன் தலையாட்டினான். அதற்கு இன்னும் இறக்கம் இருந்தது.

பின்னேரம் மூன்று மணிக்கு மலையின் தலையில் நின்றார்கள். கீழே மகியங்கனைச் சமவெளி பச்சைப் பாயாக விரிந்து கிடந்தது. றோடு பாம்புபோல் மடிந்து மடிந்து இறங்கியது.

"D-ல உடுங்க" என்றான் றிஸான். "அது மூளை உள்ள வண்டி. அதுவே பாத்துக்கும்."

ஹாஜியார் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை பேருக்கு முன்னால் றிஸானோடு தர்க்கம் வேண்டாம் என்று விஜிதரன் D-யிலேயே விட்டான். அதுதான் அவன் செய்த பிழை. முதல் வளைவில் பிரேக்கை மிதித்தான். இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் அழுத்தினான். பதினொரு பேரின் பாரத்தோடு வான் ஓடப் பார்த்தது. இரண்டாவது வளைவு தாண்டியதும் கருகல் மணம் மெல்ல உள்ளே வந்தது.

"என்னவோ மணக்குது" என்றாள் ஹாஜியாரின் மனைவி உம்மு குல்தூம். "யா அல்லாஹ், நெருப்பா?"

"பிரேக் சூடாகுது மாமி" என்றான் றிஸான். அவன் குரலில் பழைய சிரிப்பு இல்லை. கட்டாரில் இப்படி ஒரு இறக்கத்தை அவன் கண்டதில்லை.

விஜிதரன் யாரையும் கேட்கவில்லை. அகலமான இடம் பார்த்து ஓரத்தில் நிறுத்தினான். பிரேக் ஆறும் வரை அரை மணித்தியாலம் எல்லோரையும் இறக்கி நிற்க வைத்தான். ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஏலுமா விஜி?"

"ஏலும் ஹாஜியார். ஆனா இனி நான் சொல்லுற மாதிரித்தான் இறங்கும்."

எல்லோரும் மீண்டும் ஏறியதும் தண்டைப் பக்கவாட்டில் தள்ளி, கழித்தல் பக்கம் தட்டினான். 2. வான் நகர்ந்தது. இயந்திரம் உறுமிக்கொண்டு பாரத்தைப் பிடித்தது.

"எஞ்சின் கத்துதே மகன்!" என்றாள் உம்மு குல்தூம்.

"கத்தட்டும் உம்மா. அது கத்தினா பிரேக் தூங்கும்."

மூன்றாவது வளைவு. கால் பிரேக்கை மெல்லத் தொட்டது, அவ்வளவுதான். நான்கு. ஐந்து. எட்டாவது வளைவில் அரசாங்க லங்கம பஸ் ஒன்று றோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு ஹோர்ன் அடித்தபடி எதிரே வந்தது. பின்னால் பெண்கள் ஒன்றாகச் சத்தமிட்டார்கள். வலது கால் இறங்கியது, வான் வழுக்காமல், தலையைக் குத்தாமல் நின்றது. இடது கால் விரித்த பாய்போல் கிடந்தது. பஸ்காரன் கடந்து போகும்போது கையை உயர்த்திவிட்டுப் போனான். விஜிதரனுக்கு வாய்விட்டுப் பாட வேண்டும்போல் இருந்தது. பாடவில்லை, விசிலடித்தான்.

அடிவாரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இறங்கினார்கள். றிஸான் சில்லடியில் குனிந்து முகர்ந்து பார்த்தான். மணம் இல்லை.

"விஜி அண்ணன், அந்தப் பக்கத்துக் கியர எனக்கும் ஒருக்காக் காட்டுங்களன்."

"உன்ட இடது கை சும்மாதானே இரிக்கி? வா, காட்டுறன்."

ஹாஜியார் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்து முடித்தார். பிறகு பிளேன்டிக் கோப்பையை வைத்தார்.

"விஜி, வாற வெள்ளிக்கிழம நுவரெலியா ஹயர் ஒண்டு இரிக்கி. ரெண்டு நாள். குளிருக்கு உடுப்பு எடுத்துக்க."

விஜிதரன் கடைக்குப் பின்னால் போய் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, வான் எனக்குத்தான்! நுவரெலியாவுக்கும் நான்தான்!"

அந்தப் பக்கம் கொப்பித் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்தக் கியர்ல இறக்கின?"

"ரெண்டுல."

"பதினெட்டும்?"

"இல்லக்கா. முதல் ரெண்டும் D-ல போய்ப் பிரேக் மணந்துட்டு. மிச்சம் பதினாறுதான் ரெண்டுல."

"அப்ப பதினாறெண்டு சொல்லு. ஊருல வந்து பதினெட்டெண்டு பீத்தாத. உள்ளத உள்ளபடி சொல்ல வேணும், விளங்குதா?"

"விளங்குது அக்கா."

அவன் தொலைபேசியை வைக்கப் போனான். அவள் வைக்க மறந்துவிட்டாள். வேலிக்கு மேலால் அவள் அடுத்த வீட்டை நோக்கிக் கத்துவது மகியங்கனை வரை கேட்டது.

"கேட்டீங்களாக்கா? எங்கட தம்பி பதினெட்டு வளைவையும் ஒரே கியர்ல இறக்கிட்டானாம்!"