இசக்கியண்ணனுக்கு நான் சொன்ன விலை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் எங்கள் பேட்டைப் பட்டறையில் கபடிப் போட்டிக்குப் பந்தயமாக அணிகளை ஏலம் விடும்போது, எல்லோரும் என்னிடம்தான் விலை கேட்பார்கள். ஏலத்தில் சேரும் மொத்தப் பணமும் ஜெயிக்கும் அணியை எடுத்தவருக்கு. கடைசியில் எவ்வளவு சேரும், ஓர் அணிக்கு ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று பயந்து பயந்து யோசித்துச் சொல்வேன்.

இந்த வருடம், கூட வேலை பார்க்கும் இசக்கியண்ணன் தன் ஊர் அணிக்கு ஆசைப்பட்டார். "ஏலே, எதுவரைக்கும் கேக்கலாம்?"

ஆயிரம் வரை கேட்கலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அணிமேல் எனக்கும் ஒரு கண். "அறுநூறுக்கு மேல வேண்டாம்ணே" என்றேன். நம்பி அறுநூறில் நிறுத்திவிட்டார். நான் எழுநூறுக்கு எடுத்தேன்.

"என்னலே, கணக்குப்பிள்ளைக்கே ஆசை வந்துட்டோ?" என்று பட்டறையில் சிரித்தார்கள்.

அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. மறுநாள் அண்ணன் என் சட்டைப்பையில் பணத்தைத் திணித்தார். "எங்க ஊரு டீமு மலிவாப் போயிரப்பிடாதுன்னுதான நீ ஏத்திக் கேட்ட? நட்டத்துல பாதி என்னோடது."

"வேண்டாம்ணே" என்று திருப்பிக் கொடுத்தேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

"பாருங்கலே, ரூவாயத் தொடமாட்டுக்கான்!" என்று பட்டறை முழுக்கச் சொன்னார்.

திருப்பிக் கொடுத்ததால் அவர் கண்ணில் நான் இன்னும் நல்லவனாகிவிட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.