ரோசம்மாளின் பேஸ்மேக்கர்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் மேஸ்திரியாக இருந்தவர் ஞானரத்தினம். அவர் மனைவி ரோசம்மாளுக்கு இதயத் துடிப்பு குறைந்துகொண்டே வந்ததால், 1990இல் மதுரையில் ஆபரேஷன் செய்து தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். மாதம் ஒருமுறை இருவரும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போவார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த சின்னக் கருவியை அவள் நெஞ்சில் வைத்து, அதன் பக்கத்தில் போனைப் பிடிப்பார். அது கீச்சிடுவதை மதுரையில் டாக்டர் கேட்டு, "நல்லா ஓடுது" என்பார்.

"எனக்குள்ள ஓடுதது மதுரைக்குக் கேக்கு. பக்கத்துல படுக்க ஒங்களுக்குக் கேக்கலையே" என்று ரோசம்மாள் சிரிப்பாள்.

மூன்றாம் வருடம் மஞ்சள் காமாலை வந்து அவள் இறந்துபோனாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுடைய தாய் தகப்பன் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

பிறகு கருவியைத் திருப்பிக் கொடுக்க ஞானரத்தினம் மதுரைக்குப் போனார்.

"இனி அது நின்னிருக்கும்லா, டாக்டர்?"

டாக்டர் தயங்கினார். "அவங்க இறந்தது அதுக்குத் தெரியாதுங்க. பேட்டரி தீர்ற வரைக்கும் துடிச்சுக்கிட்டுதான் இருக்கும். அஞ்சாறு வருஷம் ஆகலாம்."

"இங்கன இருந்தே நிறுத்த ஏலாதா? போன்லதான கேட்டிய?"

"கேக்கத்தான் முடியும். நாம சொல்றது அதுக்குக் கேக்காது."

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கிக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். மழையில் ஊறிய மண்ணில் காதை வைத்துப் படுத்தார். துடிப்பு கேட்டது. தன்னுடையதா, அவளுடையதா என்று பிரித்தறிய முடியவில்லை.

குழியைத் திறந்து அதை எடுக்க வேண்டும் என்று போதகர் தேவஇரக்கத்திடம் கெஞ்சினார்.

"ஆத்துமா ஆண்டவர்கிட்ட போயிட்டு, அண்ணாச்சி. உள்ள கிடக்கது வெறும் மிஷினு."

"மிஷினுன்னு தெரியுது, ஐயா. அது அவளை எழுப்பிக்கிட்டே இருக்கே!"

போதகர் சம்மதிக்கவில்லை.

ஞாயிறுதோறும் கோயிலில் ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து, "தூங்கு ரோசா" என்று தட்டிக்கொடுப்பார். தறிகளின் 'டக் டக்' சத்தம் தாங்காமல் வேலையையும் விட்டார். தூத்துக்குடியிலிருந்து மகன் நேசையன் வந்து கூப்பிட்டான்.

"உள்ள ஒருத்தி முழிச்சுக் கிடக்கா. எப்படிலே வருவேன்?" என்றார். மகன் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனான்.

டாக்டர் சொன்ன வருடங்கள் கழிந்தன. ஒருவேளை நல்ல பேட்டரியாக இருந்தால் என்று இன்னும் ஒரு வருடம் காத்திருந்தார். அதற்கும் பிறகுதான் தூத்துக்குடிக்குப் போனார். எந்த நாளில் நின்றது என்பது அவருக்குத் தெரியவே இல்லை. கடைசியில் அவள் தூங்கிப்போன அந்த நாளிலும், அது தெரியாமல் வழக்கம்போலத் தட்டிக்கொடுத்துக்கொண்டு இருந்திருப்போமோ என்ற நினைப்புதான் அங்கே அவரைத் தூங்கவிடவில்லை.